இழுக்கக் கூடாத நூல்

1

நான் வாழும் ஜெர்மன் ஊரில் நாய் வளர்ப்பதற்கு வரி உண்டு. வரி கட்டியதற்கு அடையாளமாக நகராட்சி ஒரு சிறிய உலோக வில்லை தரும். அது நாயின் கழுத்துப்பட்டையில் தொங்க வேண்டும். நாங்கள் பக்கத்து ஊரிலிருந்து இங்கே வீடு மாறி வந்ததால் எங்கள் நாய் லோட்டேவைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு நகராட்சி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் நாயின் இனம் என்ன என்று கேட்டார். கலப்பு என்றேன். எந்த இனமும் எந்த இனமும் கலந்தது என்று கேட்டார். தெரியாது, காப்பகத்திலிருந்து எடுத்து வந்தோம் என்றேன். தெரியாது என்று கணினியில் போட முடியாதாம். எங்கள் பக்கம் இதை நாட்டு நாய் என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவோம். அதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. அப்பா.

அப்பா என்னை அழைப்பதில்லை. நான்தான் அழைப்பேன். மகள் வேலையில் இருப்பாள், தொந்தரவு பண்ணக் கூடாது என்பது அவராக வைத்துக்கொண்ட சட்டம். எங்கள் ஊரான சோமனூரில் அப்போது பிற்பகல், விசைத்தறிகள் ஓடும் நேரம். எங்கள் வீட்டை ஒட்டியதுதான் தறி குடோன். அந்த நேரத்தில் பேசினால் நான்கு தறிகளின் சத்தத்துக்கு மேல் அவர் கத்த வேண்டியிருக்கும். அன்று பின்னால் ஒரு சத்தமும் இல்லை. தறிகளை நிறுத்திவிட்டு அழைத்திருக்கிறார்.

"கண்ணு, செவலை ரெண்டு நாளா ஒண்ணுந் திங்கல" என்றார். "தண்ணி குடிச்சாலும் வாந்தி எடுத்துப்போடறா. இப்பப் பாத்தா பின்னால நூலு தொங்குது. இழுத்தேன், ஒரு மொழம் வந்துச்சு. அதுக்கு மேல வர மாட்டீங்குது, கத்தறா. ரபீக் பாய் நூலு கோன் எறக்க வந்திருக்காரு. அவரைப் புடிச்சுக்கச் சொல்லிப்போட்டு நல்லா ஒரு இழு இழுத்தர்லாம்னு இருக்கறேன். உன்னையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்."

"இழுக்காதீங்கப்பா."

கத்திவிட்டேன் போல. மேசைக்கு அந்தப் பக்கத்து அம்மாள் தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

2

செவலை யார் என்று சொன்னால்தான் என் பயம் உங்களுக்குப் புரியும்.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். கோவையில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்து, மேற்படிப்புக்கு இங்கே வந்து, இப்போது ஒரு தொழிற்சாலையில் துணிகளின் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. நான்கு தறி ஓடும் வீட்டில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படித்துத் தேறியவள் நான்.

அம்மா இறந்தபின் அப்பா அந்த வீட்டில் தனியாக இருந்தார். நான் ஒரே பெண். வாராவாரம் கைப்பேசியில் முகத்தைப் பார்ப்பேன், நன்றாகத்தான் தெரிந்தார். அம்மாவின் முதல் திதிக்கு ஊருக்குப் போனபோது அடுப்பைப் பார்த்தேன். நூல் தூசி படிந்து கிடந்தது. பேக்கரியில் டீயும் பன்னும் தின்று நாளை ஓட்டியிருக்கிறார். சர்க்கரை ஏறியிருந்தது, காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. மருத்துவர் நடக்கச் சொன்னதற்கு, நாளெல்லாம் தறிக்கு நடுவில் நடந்துகொண்டுதானே இருக்கிறேன் என்று சிரித்திருக்கிறார்.

அந்த ஐப்பசி மழையில் ஒரு செம்மண் நிற நாய்க்குட்டி குடோனுக்குள் வந்து நூல் மூட்டைக்குப் பின்னால் படுத்துக்கொண்டது. அப்பா விரட்டினார். மறுநாளும் வந்தது. விரட்டி அலுத்துப்போய், பாவமென்று அதற்குக் கொஞ்சம் சோறு வடித்தார். வடித்த சோற்றைக் குட்டி எவ்வளவு தின்னும்? மீதியில் மோர் ஊற்றி அவரே குடித்தார். வீட்டில் மறுபடி அடுப்பு எரிந்தது அப்படித்தான்.

செவலைக்கு நேரம் தப்பாது. காலையில் தட்டு வராவிட்டால் தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு அப்பாவையே பார்ப்பாள். விடிந்ததும் ஒரு முறை, பொழுது சாயும்போது ஒரு முறை வெளியே கூட்டிப்போயாக வேண்டும். அப்பா அவளுக்குப் பின்னால் ஊர்க்கோடிக் குட்டை வரைக்கும் நடந்தார். அவளுக்கு வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவது என்று பழகிக்கொண்டார். புண் ஆறியது. சர்க்கரை இறங்கியது. புது மாத்திரை எதுவும் போடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்டதற்கு, "இல்லீங்க, ஒரு நாய் வந்திருக்குதுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

அதன்பின் செவலையின் உடம்பு என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசி வருடாவருடம், பூச்சி மருந்து, உண்ணிக்குச் சொட்டு மருந்து எல்லாம் இங்கிருந்தே நினைவுபடுத்துவேன். கோவையில் ஒரு கால்நடை மருத்துவமனையில் கருத்தடையும் செய்யவைத்தேன். புள்ள வெளிநாட்டுக்குப் போனா நாய்க்குக்கூட ஊசி போடற காலமாயிப்போச்சு என்று பக்கத்துக் குடோனில் கேலி பேசினார்களாம். அப்பா அதை என்னிடம் இரண்டு முறை சொன்னார். அவருக்குப் பெருமைதான்.

3

எனக்கும் நாய் அப்படித்தான் வாய்த்தது. படிப்பு முடிந்து குழந்தை பிறந்த வருடம் குளிர்காலம் என்னை உட்கார வைத்துவிட்டது. பிற்பகலிலேயே இருட்டிவிடும். என் கணவர் செந்தில் வேலைக்குப் போனபின் கைக்குழந்தையோடு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். தூக்கம் வரவில்லை என்று போனபோது, ஒரு நாளில் யாரோடெல்லாம் பேசுகிறீர்கள் என்று கேட்டார் இங்கத்திய மருத்துவர். யோசித்துப் பார்த்து, செந்தில் ஒருவர்தான் என்றேன்.

லோட்டே வந்தபின் வெளியே போகாமல் இருக்க வழியில்லை. பனியோ மழையோ, அவளுக்குப் போயாக வேண்டும். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போன தெருக்காரர்கள் நாயைப் பார்த்து நின்றார்கள். நாயின் பெயர் கேட்டார்கள், வயது கேட்டார்கள், பிறகு என் பெயரையும் கேட்டார்கள். நாய் விஷயத்தில் நான் தப்பும் தவறுமாகப் பேசினாலும் யாரும் பொருட்படுத்தவில்லை. அப்படித்தான் எனக்கு ஜெர்மன் மொழி வந்தது. தூக்கமும் வந்தது. நாய் மருந்தல்ல. மாத்திரையை நிறுத்திவிட்டு நாய் வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் நம்மை எழுப்பி வெளியே தள்ளும் ஓர் உயிர் வீட்டில் இருப்பது உடம்புக்கு என்ன செய்கிறது என்று இரண்டு வீடுகளில் பார்த்துவிட்டேன்.

ஊர்ப் பழக்கம் போகவில்லை. லோட்டேவையும் மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். "வாங்க லோட்டே, உக்காருங்க சாமி." உட்காருவாள். என் மகள் இனியாவுக்கு இப்போது ஆறு வயது. அவள் நாயிடம் ஜெர்மனில் பேசுகிறாள், என்னிடமும் வரவர ஜெர்மனில்தான் பேசுகிறாள். நான் தமிழில் கேட்டால் பதில் அந்த மொழியில் வரும். தன் அப்புச்சியோடு, அதாவது என் அப்பாவோடு, அவளுக்குப் பேச ஒன்றும் இல்லை. அவர் சாப்ட்டயா சாமி என்பார், இவள் தலையாட்டுவாள். ஆனால் திரையில் செவலை வந்துவிட்டால் போதும். "அப்புச்சி, செவலை ஏன் ஒரு காதை மட்டும் தூக்கறா?" முழுத் தமிழ் வாக்கியம் வரும். அப்பா அதற்கு ஒரு கதையே சொல்வார். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் பாலம் என்று ஏதாவது இருந்தால் அது அந்த நாய்தான்.

இங்கே நாய் வளர்ப்பவர்களுக்கு முதலுதவி வகுப்பு உண்டு. போய் உட்கார்ந்தேன். வெயில் தாக்கினால் என்ன செய்வது, நமக்குக் கொடுக்கும் காய்ச்சல் மாத்திரையை நாய்க்கு ஏன் கொடுக்கக் கூடாது, வேகவைத்த கோழி எலும்பு ஏன் ஆகாது என்றெல்லாம் சொன்னார்கள். நூலைப் பற்றியும் சொன்னார்கள். நாய் நீளமான நூலை விழுங்கி, அது வாயிலோ பின்புறத்திலோ தொங்கினால் கை வைக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள் என்றார் சொல்லிக் கொடுத்த பெண். தைக்கும் நூலைப் பூனை விழுங்கிய கதையை ஒருவர் சொன்னார். அந்த அறையில் இருந்தவர்களில் தரையெல்லாம் நூலாகக் கிடக்கும் வீட்டிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான்.

அன்றே அப்பாவிடம் சொன்னேன். நூலுக்குள்ளேயே வளர்ந்த நாய், அது நூலைத் தின்னுமா என்று அவர் சிரித்தார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

4

நகராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே, நூல் எங்கிருந்து போயிருக்கும் என்று கேட்டேன். அப்பா சொன்னதும் எனக்குக் காட்சி அப்படியே தெரிந்தது.

எங்கள் பக்கம் வேஸ்ட் நூல்தான் எல்லாவற்றுக்கும். தறியில் அறுந்த நூலையும் ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சியில் மிஞ்சியதையும் சுருட்டி ஒரு மூட்டையில் போட்டு வைப்போம். எண்ணெய்க் கை துடைக்க அதுதான், கட்டு கட்ட அதுதான். ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கி வந்தால் அதன் காலைக் கட்டியிருப்பதும் வேஸ்ட் நூல், அறுத்துக் கழுவியபின் கையைத் துடைப்பதும் வேஸ்ட் நூல். அப்பா அந்த ஞாயிறு கோழி அடித்திருக்கிறார். கை துடைத்த நூலை வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் வீசியிருக்கிறார். வெறும் நூலைச் செவலை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அது கோழி மணத்த நூல்.

"உள்ள இருந்தாத்தானே கண்ணு கெடுதி? வெளிய வந்துட்டாச் செரியாப் போயிரும்" என்றார் அப்பா.

குடல் கிழிந்துவிடும் என்றேன். பள்ளிக்கூடத்துப் பேச்சு மாதிரி அது அவரிடம் நிற்கவில்லை. பின்னால் ரபீக் அண்ணன் ஏதோ சொல்வதும், செவலை முனகுவதும் கேட்டன. ரபீக் அண்ணன் கோவை கோட்டைமேட்டுக்காரர். மினி லாரியில் எங்கள் பக்கத்துக் குடோன்களுக்கெல்லாம் நூல் கோன் கொண்டுவந்து இறக்குபவர்.

"நூலு தானே. என்ற கைக்கு வராத நூலா?" என்றார் அப்பா. கோபம் இல்லை, ஆனால் அவருக்கு நான் சொல்வது பிடிக்கவில்லை. நினைவு தெரிந்த நாள் முதல் நூலைப் பிடித்த கை. எங்கே ஓர் இழை தொங்கினாலும் அந்தக் கை தானாகப் போய்ப் பிடித்து இழுக்கும். என் கையும் அப்படித்தான். இன்றும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் சட்டையில் நூல் தொங்கினால் என்னால் சும்மா இருக்க முடியாது.

வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை விட்டுவிட்டு எனக்குத் தெரிந்ததைக் கேட்டேன்.

"அப்பா, நெய்த துணியில ஒரே ஒரு பாவு நூலை மட்டும் புடிச்சு இழுத்தா என்னாகுமுங்க?"

"சுருங்கும்."

"இன்னும் வெசையா இழுத்தா?"

"நூலு அறுந்துரும்."

"அறுகாத நூலுங்க. அந்தக் கோடியில முடிச்சு விழுந்து மாட்டியிருக்குது."

"அப்பத் துணிதான் கிழியும்" என்றார்.

"அவ கொடலுதானுங்கப்பா அந்தத் துணி."

அடுத்து அவர் பேசியது என்னிடம் அல்ல. "உடுங்க பாய். கையை எடுங்க. தொடாதீங்க."

தொங்கும் நூல் எங்கும் மாட்டாதபடி நீளத்தைக் கத்தரித்துவிட்டு, ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விடச் சொன்னேன். தின்னவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம் என்றேன். அதற்குத்தான் அவர் தயங்கினார். காலையில் வயிறு இளகட்டும் என்று ஒரு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றிவிட்டாராம். உள்ளே அடைத்துக் கிடக்கும் குடலை அது முறுக்கி முறுக்கித் தள்ளியிருக்கும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

"உடனே கோயமுத்தூர் கொண்டுபோகோணுமுங்க" என்றேன். அதற்குள் ரபீக் அண்ணன் கைப்பேசியை வாங்கியிருந்தார். "வண்டியில கோன் பாதி இருக்குது அம்மணி. இருந்துட்டுப் போகுது. செவலையை ஏத்தியாச்சு" என்றார்.

நகராட்சி அம்மாள் எனக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஊரில் அப்பாவின் நாய்க்கு ஆபத்து என்றேன். தலையசைத்துவிட்டு, கணினியில் இனம் என்ற இடத்தில் ஏதோ ஒன்றைத் தட்டி, வில்லையை என் கையில் கொடுத்து அனுப்பினார். அவர் என்ன போட்டார் என்று நான் பார்க்கவில்லை.

5

கருமத்தம்பட்டி தாண்டி அவிநாசி ரோட்டில் ஏறியதும் ரபீக் அண்ணன் ஒரு முறை அழைத்தார். அப்பா பின்னால் கோன் பெட்டிகளுக்கு நடுவில் செவலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், முன்னால் வரச் சொன்னால் கேட்கவில்லை என்றார். செவலைக்குக் கருத்தடை செய்த மருத்துவமனைக்கு நான் அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவைத்தேன். அவர்களுக்குச் செவலையைத் தெரியும். உள்ளே நுழைந்ததும் படம் எடுத்தார்கள். குடல் ஓர் இடத்தில் நாடா கோத்த துணிப்பை மாதிரி சுருங்கிக் கிடந்தது. உடனே திறந்தாக வேண்டும் என்றார்கள்.

நான் அதற்குள் என் தொழிற்சாலைக்கு வந்துவிட்டிருந்தேன். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நடைபாதையில் நின்றபடி காணொளியில் பேசினேன். மருத்துவர் ஓர் இளம் பெண், என் வயதுதான் இருக்கும். "ரெண்டு மூணு எடத்துல கொடலைத் தொறக்க வேண்டி வருமுங்க. உள்ள ஏற்கனவே ஓட்டை விழுந்திருந்தா சிரமம். பொழைச்சுரும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்றார். நேராகச் சொன்னது நல்லது என்று பட்டது. செய்யுங்கள் என்றேன்.

அப்பா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் ஒரு மொழம் இழுத்துப்போட்டனுங்க. அதுல கிழிஞ்சிருக்குமுங்களா?"

தொறந்து பாத்தாத்தான் தெரியுமுங்க என்று சொல்லிவிட்டு மருத்துவர் உள்ளே போனார். அப்பா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது திரையில் தெரிந்தது. பிறகு ரபீக் அண்ணன் கைப்பேசியை அணைத்துவிட்டார்.

வேலை ஓடவில்லை. சோதனை இயந்திரத்தில் துணியை மாட்டி, எவ்வளவு இழுத்தால் கிழிகிறது என்று பார்ப்பதுதான் அன்றைக்கு என் வேலை. இரண்டு துண்டு மாட்டினேன். மூன்றாவதை மாட்ட முடியவில்லை. உடன் வேலை செய்பவரிடம் கொடுத்துவிட்டு மறுபடி நடைபாதைக்கு வந்து அழைத்தேன்.

ரபீக் அண்ணன் கைப்பேசியை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அப்பா பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. என்னங்கப்பா என்றேன். பாவு போடணும் என்றார். என்ன பாவு என்றேன். காற்றில் அறுந்த நூலை முடிவதுபோல விரல்களை ஆட்டினார். நான் திரையில் அவர் கண்களைப் பார்த்தேன். அவை என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணா, அப்பா காத்தால என்ன சாப்பிட்டாருங்க?"

ரபீக் அண்ணன் அவரிடம் கேட்டார். இரண்டு முறை கேட்டபின் பதில் வந்தது. செவலை தின்னவில்லை, அதனால் அவரும் தின்னவில்லை. ஞாயிறு இரவிலிருந்தே அப்படித்தான். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாரே.

"சர்க்கரை கொடுங்கண்ணா. இப்பவே. டீயில நாலு கரண்டி போட்டு."

"சுகர்காரருக்கு எப்படி அம்மணி சர்க்கரை..."

"உள்ள சர்க்கரை தீந்துபோச்சுங்கண்ணா. மயங்கி உழுந்துருவாரு. நாஞ் சொல்றேன், கொடுங்க."

அவர் ஓடினார். கைப்பேசி பெஞ்சின்மேல் மல்லாந்து கிடந்தது. எனக்குக் கூரையும் ஒரு மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் செவலை, இந்தப் பக்கம் அப்பா, நான் எங்கோ ஒரு நாட்டில் ஒரு நடைபாதையில். அந்தப் பக்கமாக வந்தவர்கள் என் மொழி புரியாமல் ஒதுங்கிப் போனார்கள். படித்ததெல்லாம் எதற்கு, பக்கத்தில் ஒரு கை கொடுக்க முடியவில்லையே என்று அந்த நேரத்தில் தோன்றியது. படிக்காமல் இருந்திருந்தால் இதைக்கூடச் சொல்லியிருக்க முடியாது என்று பிறகுதான் தோன்றியது.

டீயை ஊதி ஊதி ஊட்டும் சத்தம் கேட்டது. "கண்ணை மூடாதீங்கண்ணே. இங்க பாருங்க. மூடுனீங்கன்னா உங்க நாயை நான் ஓட்டிட்டுப் போயிருவேன்." ரபீக் அண்ணன்தான். பிறகு ஒரு பிஸ்கட் பொட்டலம் பிரியும் சத்தம். அப்புறம் அப்பாவின் குரல், மெல்ல, ஆனால் அவருடைய குரல்.

"டீ இனிப்புத் தூக்கலா இருக்குதுங்க பாய்."



6

செவலையின் குடலை மூன்று இடத்தில் திறந்திருக்கிறார்கள். நூல் அவள் இரைப்பையின் வாயில் சுருண்டு மாட்டியிருந்தது. ஓர் இடத்தில் குடல் அறுந்து ஓட்டை விழுந்திருந்தது, சிறியதுதான். அது அப்பா இழுத்ததால் வந்ததா, நூலே அறுத்ததா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். "அதுக்கு மேல நீங்க இழுத்திருந்தா தைக்கறதுக்கு எடம் இருந்திருக்காதுங்க" என்றும் சொன்னார். அப்பா முதல் பாதியைத்தான் கேட்டுக்கொண்டார் என்று நினைக்கிறேன். கொஞ்ச நாளைக்குச் செவலையை வலது கையால் தடவவில்லை என்று ரபீக் அண்ணன் சொன்னார்.

மறுநாள் வரைக்கும் அவளுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்றார்கள். அப்படியென்றால் தானும் நாளைக்கே சாப்பிட்டுக்கொள்வதாக அப்பா சொல்ல, ரபீக் அண்ணன் அவரைக் கையைப் பிடித்து எதிரே இருந்த மெஸ்ஸுக்கு இழுத்துப்போயிருக்கிறார். "நாய்க்குக் கொடல்ல தையல். உங்களுக்கு என்னங்கண்ணே தையல்?" என்று அங்கே எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாராம். அப்பா இரண்டு தோசை சாப்பிட்டார்.

அதன்பின் நான்கைந்து நாள் கண்டம்தான். தையல் பிரிந்தால் முடிந்தது என்றார்கள். ஒவ்வொரு முறை கைப்பேசி அடிக்கும்போதும் இனியா என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். ஒரு நாள் காலையில் அவளாகவே வந்து, "அம்மா, அப்புச்சிக்கு போன் போடு, நான் கேக்கறேன்" என்றாள். போட்டுக் கொடுத்தேன். செவலை கஞ்சி குடித்தாளா, எவ்வளவு குடித்தாள், வாந்தி எடுத்தாளா, காய்ச்சல் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டாள். தமிழ் தடுக்கியது, ஆனால் விடவில்லை. அப்பா ஒவ்வொன்றுக்கும் மருத்துவருக்குச் சொல்வதுபோலப் பதில் சொன்னார்.

செவலை வீட்டுக்கு வந்துவிட்டாள். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பை மாட்டிக்கொண்டு தறிக்கால்களில் முட்டி முட்டி நடக்கிறாளாம். வேஸ்ட் நூல் இப்போது மூடி போட்ட பீப்பாயில் இருக்கிறது. கோழிக் கை துடைக்கத் தனித் துணி. ரபீக் அண்ணன் கோன் இறக்கப் போகும் குடோன்களிலெல்லாம் இதைச் சொல்லி வருகிறார், கொஞ்சம் கூட்டியே சொல்கிறார் என்று கேள்வி. இதைப் படிக்கிறவர்களில் தறி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நாய் நூலுக்குள்ளேயே வளர்ந்ததாக இருக்கலாம். நூலில் கறி வாசம் அடித்தால் அதுவும் தின்னும். நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள், வண்டியைப் பிடியுங்கள். போகும் வழியில் நீங்களும் ஏதாவது சாப்பிடுங்கள்.

இங்கே வந்துவிடுங்கள் என்று வருடாவருடம் அப்பாவைக் கூப்பிடுவேன். இந்த முறையும் கூப்பிட்டேன். செவலையைக் கூட்டி வரலாமா என்று கேட்டார். விசாரித்தேன். தோலுக்கடியில் அடையாளச் சில்லு பொருத்தி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, அதன்பின் மாதக்கணக்கில் காத்திருந்து, சான்றிதழ் வாங்கி என்று நீண்டது. ரத்தம் குடுத்துப் பாஸாகித்தான் உங்கூருக்கு வரோணும்னா நாங்க ரெண்டு பேரும் இங்கயே இருந்துக்கறோம் என்றார். நான் வற்புறுத்தவில்லை. அந்தக் குட்டை வரைக்கும் போய் வரும் நடையை இங்கே நான் அவருக்குக் கொடுக்க முடியாது.

தூரத்திலிருந்து நான் செய்ய முடிந்தது ஒன்றைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன். அப்பாவிடம் சாப்பிட்டீர்களா என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. தன்னைப் பற்றிக் கேட்டால் என்னை நிம்மதியாக வைக்க எதையாவது சொல்லிவிடுவார். செவலை சாப்பிட்டாளா என்று கேட்கிறேன். அவளைப் பற்றி அவருக்குப் பொய் சொல்ல வராது.

நேற்று கேட்டபோது, "காத்தால வெச்சது அப்படியே கெடக்குது கண்ணு, தட்டுக்குப் பக்கத்துலயே வரல" என்றார்.

மருத்துவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு வைத்தேன். உடனே ரபீக் அண்ணனுக்கு அழைத்தேன். சோமனூர்ப் பக்கம் இருக்கிறீர்களா என்று கேட்டேன். என்ன ஏதென்று அவர் கேட்கவில்லை. அஞ்சு நிமிசத்துல போயிருவேன் அம்மணி, போற வழியில அப்பாவுக்கு இட்லி வாங்கிக்கறேன் என்றார்.